சினைப் பொட்டலம்

மகள் வயிற்றில் புழு இருக்கவேண்டும் என்று புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை பெருமாளை வேண்டிக்கொண்ட அப்பன், திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் அய்யாவு ஒருவராகத்தான் இருப்பார். வேண்டுதல் அத்தோடு நிற்கவில்லை. நல்ல நீளமான புழுவாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டு தேங்காயாக உடைப்பதாகவும் சொல்லிவைத்தார். பெருமாள் எத்தனையோ வேண்டுதல் கேட்டவர். இதைக் கேட்டதும் கையிலிருந்த சங்கை ஒரு நிமிஷம் கீழே வைத்துவிட்டு யோசித்திருப்பார்.

எக்செல் வண்டியின் முன்கொக்கியில் மஞ்சள் பை ஆடிக்கொண்டிருந்தது. அதில் பூவன்பழம் ஒரு சீப்பு, கதம்பம் நாலு முழம், அரைக்கிலோ லட்டு. எல்லாவற்றுக்கும் அடியில், பேப்பரில் சுற்றி, சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று. டப்பா காலி. அதை நிரப்பி வாங்கி வருவதற்குத்தான் போய்க்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டுக்கு என்னென்ன கொண்டுபோகலாம் என்பதற்கு ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அங்கிருந்து என்ன கேட்டு வாங்கலாம் என்பதற்கும் உண்டு. இந்தச் சாமான் இரண்டிலும் சேராது.

குறுவை அறுப்பு முடிந்திருந்தது. ஈரம் போகாத நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்பதால் ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. மறுபக்கத்தில் பஸ், லாரி, டிராக்டர், எல்லாவற்றுக்கும் ஒதுங்கி அய்யாவு. கண்டியூர் தாண்டி மகள் வீட்டுக்கு மொத்தம் இருபது கிலோமீட்டர். ரெண்டு வருஷமாக, பெரும்பாலான சனிக்கிழமைகளில் போகிற ரோடு. புரட்டாசியில் மட்டும் இதுவரை போனதில்லை. ஏனென்றால் மற்ற மாதங்களில் அவர் கொண்டுபோனது மீன்.

அதைச் சொல்வதற்குக் கடையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அய்யாவு குத்தகைக்கு எடுத்து நட்டுக்கொண்டிருந்த நிலத்தை, வெள்ளம் ஒரு வருஷமும் வறட்சி ரெண்டு வருஷமும் பார்த்த பிறகு உடையவரிடமே ஒப்படைத்துவிட்டு, குடமுருட்டி மதகுக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு மீன் வறுவல் கடை வைத்தார். ஒன்பது வருஷம் ஆகிறது. கடையில் மூன்று பேர். செதில் தேய்த்துக் குடல் எடுத்துத் துண்டு போடுகிற அய்யாவு தன்னை முதலாளி என்று சொல்லிக்கொள்வார். காலையிலிருந்து ஒரு வேலையும் செய்யாமல், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, எடுத்துப்போட்ட குடலையும் தலையையும் தின்றுகொண்டிருக்கும் செவலை நாய்க்கு மேனேஜர் என்று பெயர். மீதி எல்லா வேலையும் அவர் மனைவி சுந்தரி.

கடைக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது சுந்தரியின் நாக்கு. மசாலா தடவிக் கால்மணி நேரம் ஊறியதும், மீனின் வயிற்றுப் பக்கத்தில் விரலை வைத்து ஒரு வழி வழித்து நாக்கில் வைப்பாள். கண்ணை மூடுவாள். உப்பு, காரம் இரண்டும் அங்கேயே தீர்ப்பாகிவிடும். மசாலாவைத் தனியாக நக்கிப் பார்த்தால் மசாலா உப்புதான் தெரியும், மீனில் ஊறிய உப்பு தெரியாது என்பது அவள் கட்சி. விரலோடு கொஞ்சம் சதையோ சினையோ ஒட்டிவந்தால் அதுவும் உள்ளே போகும். தஞ்சாவூரிலிருந்து கார் போட்டு வந்து தின்கிறவர்கள், எல்லாத் துண்டிலும் ஒரே உப்பு எப்படிம்மா நிக்குது என்று கேட்பார்கள். அவள் சொல்லமாட்டாள். சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று அய்யாவு சொல்லுவார்.

சினை தனிக்கதை. கெண்டையோ விராலோ சினையோடு வந்தால் அது வியாபாரத்துக்குக் கிடையாது. சினையை முறுக விட்டால் ரப்பராகிவிடும். காய்ந்த எண்ணெயில் போட்டு, மகள் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் எடுத்துவிடுவாள் சுந்தரி. மேலே மொரமொரப்பு, உள்ளே வெண்ணெய். வாழையிலையில் வைத்து, பேப்பரில் சுற்றி, நூல் கட்டி, சனிக்கிழமை அய்யாவின் வண்டியில் ஏறும். மகள் சந்திரலேகாவுக்குச் சின்ன வயதிலிருந்து அதுதான் உயிர். மாப்பிள்ளை செந்தில்குமார் கல்யாணமான எட்டாம் மாதம் சிங்கப்பூர் போய்விட்டார். புருஷன் பக்கத்தில் இல்லாத பெண்ணுக்கு நாக்குக்காவது ஏதாவது இருக்கட்டும் என்று அம்மாவுக்கு.

போன ஐப்பசியிலிருந்து சுந்தரிக்கு ஆகவில்லை. சட்டி தூக்கினால் மூச்சு வாங்கியது. முகம் வெளுத்து, ஊறவைத்த அவல் மாதிரி ஆனது. கால் பாதத்தில் எறும்பு ஊருகிறது என்பாள். குனிந்து பார்த்தால் எறும்பு இருக்காது. சத்து டானிக் ஏழு பாட்டில் குடித்தாள். திருஷ்டி கழித்தார்கள். கடைசியில் நாக்கே போய்விட்டது. சிவந்து, வழவழவென்று, எதைத் தின்றாலும் எரிச்சல். ஒரு நாள் ஒரே சட்டியில் உப்பே இல்லாத துண்டும் உப்பாய்க் கரிக்கிற துண்டும் வந்தன. சாப்பிட்டவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்குச் சுந்தரி அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். வெங்காயம் உரித்தேன் என்றாள். கடையில் வெங்காயம் தீர்ந்து ரெண்டு நாள் ஆகியிருந்தது.

கண்டுபிடித்தது மேனேஜர்தான்.

ஆவணியில், கால்நடை மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் ரிஃப்கா, முகாம் முடித்துவிட்டு மீன் சாப்பிட வந்தாள். சின்னப் பெண். தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவள் நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, மேனேஜருக்குப் பின்னாடி என்னமோ தொங்குதே, பாத்தீங்களா?"

"அது ரெண்டு மாசமா தொங்குது டாக்டரம்மா. தானா அறுந்து விழும், திரும்ப வரும். நாங்க கண்டுக்கறதில்ல."

அவள் எழுந்துபோய்க் குச்சியால் தள்ளிப் பார்த்தாள். வெள்ளையாக, தையல்காரர் டேப் மாதிரி தட்டையாக, ஒரு சாணுக்கு மேல் இருந்தது. நாய்க்குச் சாதாரணமாக வருகிற நாடாப்புழு இப்படி இருக்காது, துண்டுதுண்டாக வெள்ளரி விதை போல விழும் என்றாள். இது மீனிலிருந்து வருகிற ரகம் மாதிரி இருக்கிறது, ஒரத்தநாடு கால்நடைக் காலேஜில் காட்ட வேண்டும் என்று ஒரு பாட்டிலில் எடுத்து மூடினாள். கையைக் கழுவிக்கொண்டு திரும்பும்போதுதான் சுந்தரி அடுத்த ஈட்டு மீனில் விரலை வைத்து வழித்து நாக்கில் வைத்தாள்.

"அக்கா, இது தினமுமா?"

"தினமுந்தான். பாக்காம எப்படிம்மா சட்டியில போடுறது?"

ரிஃப்கா அடுப்புக்குப் பக்கத்தில் வந்தாள். பிறகு சுந்தரியை வெளிச்சத்துக்கு வரச்சொல்லி, கண்ணின் கீழ்இமையை இறக்கிப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். கால் மரத்துப்போகிறதா என்று கேட்டாள்.

"அக்கா, நான் மாட்டு டாக்டர். உங்களுக்கு நான் மாத்திரை எழுதக்கூடாது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போயி, பச்சை மீனை நாக்குல வச்சுப் பாப்பேன்னு சொல்லுங்க. அதை விட்டுட்டு மத்த எல்லாத்தையும் சொல்லியிருப்பீங்க இதுவரைக்கும்."

"அப்ப எங்க கடை மீனு?" என்று கேட்டாள் சுந்தரி.

"வெந்த மீனுக்கு ஒண்ணும் இல்ல. இன்னும் ரெண்டு துண்டு வைங்க, உக்காந்து தின்னுட்டுத்தான் போவேன்" என்று சொல்லி, அப்படியே செய்தாள். அந்த இரண்டு துண்டுக்காக அந்தப் பெண்ணுக்குக் கோவில் கட்டலாம் என்று அய்யாவு நினைத்துக்கொண்டார். பிறகு அவள் மசூதிக்குப் போகிறவள் என்பது ஞாபகம் வந்து திட்டத்தைக் கைவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மலத்தைச் சோதித்தார்கள், முட்டை இருந்தது. ஒரு வேளை மாத்திரைதான். மறுநாள் காலை வெளியே வந்ததை அய்யாவு வேப்பங்குச்சியால் தரையில் நீட்டிவைத்து, பூக்காரி மாதிரி கையால் காற்றில் அளந்து பார்த்தார். பதினோரு முழம். கல்யாண நாளுக்குக்கூடச் சுந்தரிக்கு அத்தனை முழம் அவர் வாங்கித் தந்தது கிடையாது. ரத்தம் ஊறுவதற்கும் நரம்புக்கும் வேண்டிய ஒரு சத்து உண்டாம், பி-ட்வெல் என்று பெயராம், அதைப் புழு முதல் பந்தியிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டதாம். அதற்குத் தனியாக ஊசி. நாலாவது ஊசிக்குப் பிறகு, கை பிடிக்காமல் பஸ் ஏறினாள் சுந்தரி.

வல்லம் வந்ததும் அவளுக்கு ஆஸ்பத்திரியில் கேட்ட ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது. வீட்டில் வேறு யாராவது பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டதுண்டா என்று டாக்டர் கேட்டிருந்தார். இல்லை என்று சொல்லியிருந்தாள்.

"ஏங்க" என்றாள். "நாம ரெண்டு வருஷமா லேகாவுக்கு அனுப்புனது என்ன வேக்காடு?"

அய்யாவுக்கு அந்தக் கேள்வி முழுசாக உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. லேகாவும் ஒரு வருஷமாகச் சோர்ந்துதான் கிடந்தாள். போனில் பேசினால் பாதியில் தூங்கிவிடுவாள். அவள் மாமியார் குந்தவையம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டுக் குறை சொல்லுவார். உங்க பொண்ணு குனிஞ்சா நிமிர மாட்டேங்குறா, நிமிந்தா குனிய மாட்டேங்குறா. எட்டு மா நிலமும் மூணு மாடும் இருக்கிற வீட்டுக்கு இந்த உடம்பை வச்சுக்கிட்டு என்ன பண்றது. போன வாரம் அதற்கும் மேலே போய்விட்டார். தைக்குத் தம்பி செந்தில் வர்றான், வந்ததும் பேசி முடிச்சுக்குவோம், நீங்க கூட்டிட்டுப் போயி வைத்தியம் பாருங்க, தேறுனா அனுப்புங்க. அந்த 'தேறுனா' என்ற வார்த்தையை அய்யாவு ஒரு வாரமாக நெஞ்சுக்குள் செதில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க ஊட்டிவிட்டிருக்கேன்" என்றாள் சுந்தரி. அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கொஞ்சம் கழித்து, "புழுவாவே இருக்கட்டும். மாத்திரை இருக்குல்ல" என்றாள்.

இப்படித்தான் அந்த வேண்டுதல் பிறந்தது. அய்யாவு வெறும் கொரியர். ரெண்டு வருஷமாக டெலிவரி பண்ணியவர், இப்போது ரிட்டர்ன் எடுக்கப் போகிறார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. வீட்டுக்கு முன்னால் ரோட்டில் நெல் விரித்துக் கிடந்தது. லேகா பலகையை இழுத்து நெல்லைத் திருப்பிக்கொண்டிருந்தாள். தலையில் துண்டு, புடவைக்கு மேலே புருஷனின் பழைய சட்டை. நாலு இழுப்பு இழுப்பாள், நின்று பலகைக் கம்பில் சாய்வாள். புங்கமரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் குந்தவையம்மா உட்கார்ந்திருந்தார். பேருக்கேற்ற பட்டத்து ராணி. கையில் செங்கோல் மாதிரி நீளக் கம்பு, ஆடு விரட்டுவதற்கு.

"வாங்க சம்பந்தி. சம்பந்தியம்மாவுக்கு ஒடம்பு தேவலையா? லேகா, அப்பாவுக்கு மோர் கொண்டா. மாடு கத்துது பாரு, ரெண்டு கட்டு வைக்கோல் போட்டுட்டு வா. வரும்போது அந்தச் சாக்கையும் எடுத்துட்டு வந்துடு."

ஒரு மோருக்கு மூன்று வேலை. லேகா பலகையை வைத்துவிட்டுப் போனாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் சிரிப்பு கன்னம் வரைக்கும் வந்து சேரவில்லை.

பையைக் கொடுத்தார். குந்தவையம்மா பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடியில் கைபோவதற்குள் அய்யாவு பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று வண்டியில் வரும்போது மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தார். மூன்றிலும் முதல் வாக்கியத்திலேயே மலம் வந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை, நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு, தளிகை போட்டு முடித்த அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது?

மேற்கே இடித்தது. அவ்வளவுதான், ரோடு முழுக்க ஜனம் ஓடியது. லேகா மோர்ச் செம்பை அப்பா கையில் திணித்துவிட்டுப் பலகையைப் பிடித்தாள். அய்யாவு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒருவர் இழுக்க, ஒருவர் துடைப்பத்தால் கூட்ட, நெல் நடுவில் குவிந்தது. குந்தவையம்மா நாற்காலியில் இருந்தபடியே ஓரத்துல விடாதே, தார்ப்பாயை உதறிப் போடு, செங்கல்லு வை, செங்கல்லு வை என்று நடத்திக்கொண்டிருந்தார். முதல் தூறல் விழுந்தபோது தார்ப்பாயின் நாலு மூலையிலும் கல் ஏறியிருந்தது. லேகா அதன் பக்கத்திலேயே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் மழை விழுந்தது, துடைக்கவில்லை.

குந்தவையம்மா கம்பை ஊன்றி எழுந்து வீட்டுக்குள் போனார். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொன்று நாற்காலியடியிலேயே கிடந்தது. மழை அவசரம் என்று நினைத்து அய்யாவு அதை எடுத்துப்போய் வாசலில் வைத்தார்.

மகளை மாட்டுக் கொட்டகையில் வைத்துத்தான் பிடிக்க முடிந்தது. கீற்றில் மழை இரைந்தது, பேசுவது வீட்டுக்குள் கேட்காது. அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னார். பதினோரு முழத்தைச் சொன்னார். சினையில் இருக்கலாம் என்பதைச் சொன்னார். டப்பாவை எடுத்து நீட்டினார். மேலே ஒட்டியிருந்த தாளில் ஆஸ்பத்திரியில் அவரே கேட்டு எழுதி வாங்கியது இருந்தது: சந்திரலேகா, வயது 24.

"வெக்கப்படாதம்மா. நாளைக்குக் காலையில எடுத்து வையி, நான் வந்து வாங்கிக்கறேன். ஒரே ஒரு வேளை மாத்திரை. அம்மாவைப் பாரு, இப்ப என்னையே அடிக்க வர்றா."

லேகா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இருக்காதுப்பா."

"நீ எப்படிச் சொல்ற?"

"நான் எங்கப்பா சாப்ட்டேன்?"

மழை கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி பிடித்தது. முதல் வாரமே பொட்டலத்தைப் பிரித்து முன்னால் வைத்தபோது மாமியார் ஒரு வாய் எடுத்துப் பார்த்தாராம். மீன் வறுக்கிற வீட்டுச் சம்பந்தம் என்று ஊரெல்லாம் இளக்காரமாகப் பேசுகிறவருக்கு அந்த ஒரு வாய் போதுமாக இருந்தது. அடுத்த வாரம் அவரே பிரித்தார். அதற்கப்புறம் லேகா பொட்டலத்தின் நூலைக்கூடப் பார்த்ததில்லை.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா அம்மா அனுப்ப மாட்டாங்க. சனிக்கிழமை ஒரு நாள்தாம்ப்பா அத்தை என்னைத் திட்ட மாட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் நல்லாப் பேசுவாங்க. டீ போட்டுக்கூட ஒரு தடவை குடுத்தாங்க."

அய்யாவு தீவனத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். இருபது கிலோமீட்டரும் சுமந்துவந்த நம்பிக்கை மொத்தமும் அந்த மாட்டு மூத்திர ஈரத்தில் இறங்கியது. புழு இல்லை. அப்படியானால் மாத்திரையும் இல்லை.

"அப்ப உனக்கு என்னம்மா?"

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. நாலரை மணிக்கு எழுந்திரிக்கிறேன், பதினோரு மணிக்குப் படுக்கிறேன். மூணு மாடு, சாணி, பால், சமையல், களையெடுக்குற ஆளுக்குச் சோறு, வரப்பு பாக்குறது. முதல்ல எல்லாம் பாதி அத்தை செய்வாங்க. பாலு அவங்கதான் கறப்பாங்க, என்னைத் தொடவே விடமாட்டாங்க. போன வருஷத்துலேருந்து எல்லாத்தையும் விட்டுட்டாங்க. நாற்காலியிலேயே உக்காந்துட்டாங்க."

போன வருஷத்திலிருந்து. அய்யாவு வாசலைப் பார்த்தார். அந்தச் செருப்பு இருந்தது. ஜூலை மாதம் சுந்தரியும் இப்படித்தான், செருப்பு கழன்று பின்னால் கிடக்க, தெரியாமல் நாலு எட்டு நடந்துவந்து, எங்கே என் செருப்பு என்று அவரிடமே சண்டை போட்டாள்.

டப்பாவை மகள் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, உளுந்து வடை. லேகா பரிமாறினாள். குந்தவையம்மா புளியோதரையைத் தொடவில்லை. வெறும் தயிர்சாதத்தைப் பிசைந்து, குழந்தைக்குப் போல ஆறவைத்து, நாக்கில் படாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். அய்யாவு பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பட்டத்து ராணியிடம், மருமகள் பொட்டலத்தை எடுத்துத் தின்றீர்களே, அதில் ஒன்று உள்ளே உட்கார்ந்து தின்கிறது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால், அய்யாவு கிளம்பிப் போன பிறகு அந்த வீட்டில் இருக்கப்போவது லேகா.

வேறு வழி தெரியாமல் சுந்தரியின் கதையை ஆரம்பித்தார். கடைக்கு வருகிறவர்களிடம் கதை சொல்லிப் பழகிய வாய். மூச்சு வாங்கியதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். சட்டி தூக்க முடியாதது. முகம் வெளுத்தது. நாக்கு எரிந்து காரமே ஆகாமல் போனது. மேனேஜர் கதை வந்தபோது லேகாகூடச் சிரித்தாள். குந்தவையம்மா சிரிக்கவில்லை. பிசைந்த கை இலையிலேயே இருந்தது.

"கால்ல எறும்பு ஊரும்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். குரலில் அதிகாரம் இல்லை.

அய்யாவு அதை இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"ஊரும்னு சொல்லுவா சம்பந்தியம்மா. அப்புறம் அதுவும் நின்னு போயி, தரை பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. செருப்பு கழண்டாலும் தெரியாது."

"லேகா, நீ போயி மாட்டைப் பாரு" என்றார் குந்தவையம்மா.

லேகா போனாள். மழை விட்டிருந்தது. கீற்றிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தம்மா இலையை மடித்தார். வெகு நேரம் மடித்தார்.

"அந்தச் சினையில இருந்தா?"

"சினையின்னும் சொல்லலாம். பச்சை மீனுன்னும் சொல்லலாம். சரியா வேகல, அவ்வளவுதான். எங்க வீட்டுத் தப்புதான் சம்பந்தியம்மா."

யார் தின்றது என்று அவர் கேட்கவில்லை. அந்தம்மாவும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

"ஒரு வருஷமா என்னால குனிய முடியல சம்பந்தி" என்றார் கடைசியில். "பால் கறக்க உக்காந்தா கை வெலவெலக்குது. ரெண்டு தடவை வரப்புல விழுந்துட்டேன். யாருக்கும் தெரியாது. முடியலன்னு ஒரு தடவை சொல்லிட்டா, சாவியைக் குடுத்துட்டு மூலையில உக்காரணும். என் மாமியாளை நான் அப்படித்தான் உக்கார வச்சேன்."

"மாத்திரை ஒரே வேளைதான். ஊசி கொஞ்ச நாள் போட்டுக்கணும். மொதல்ல சோதிச்சுப் பாக்கணும். இருக்கான்னே தெரியல, பாத்துட்டுச் சொல்லுவாங்க."

பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தார். குந்தவையம்மா அதைத் தூரமாகப் பிடித்துக் கண்ணைச் சுருக்கி மேலே எழுதியிருந்ததைப் படித்தார். அவர் முகத்தில் என்னவோ ஓடியது. பிறகு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இதுல அவ பேருதான போட்டிருக்கு. அப்படியே இருக்கட்டுமே. என் பேரு எதுக்கு? ஊரு பூரா தெரிஞ்ச ஆளு ஆஸ்பத்திரியில இருக்கு."

அய்யாவு வாழ்க்கையில் சம்பந்தி வீட்டில் இல்லை என்று சொன்னதில்லை. கல்யாணத்தில் கேட்ட எதற்கும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்ட எதற்கும் சொன்னதில்லை. இப்போதும் சொல்ல வரவில்லை. தொண்டையைச் செருமினார், துண்டால் வாயைத் துடைத்தார், விட்டத்தைப் பார்த்தார்.

"வேணாம் சம்பந்தியம்மா" என்றார். "அவ பேருல ஏற்கெனவே நெறைய எழுதியாச்சு."

குந்தவையம்மா அவரைப் பார்த்தார். இனி வண்டியை எடுக்க வேண்டியதுதான் என்று அய்யாவு நினைத்தார். பழமும் லட்டும் பின்னாலேயே பறந்துவரும் என்றும் நினைத்தார். அந்தம்மா அலமாரிப் பக்கம் கையை நீட்டி, நெல் மூட்டைக்கு எழுதுகிற மார்க்கர் பேனாவை எடுத்து அவர் பக்கம் உருட்டிவிட்டார்.

"அடிச்சுட்டு எழுதுங்க. குந்தவை. அம்பத்தெட்டு."

அவர் எழுதினார். திங்கட்கிழமை காலையில் ஆட்டோ கொண்டுவருவதாகவும், சுந்தரியும் கூட வருவாள் என்றும் சொன்னார். அந்தம்மா தலையை ஆட்டினார். பிறகு, ஆஸ்பத்திரியில் எவ்வளவு கேட்பார்கள், டப்பா முழுக்க வேண்டுமா என்று கேட்டார். ஒரு நெல்லிக்காய் அளவு போதும் என்று அய்யாவு சொன்னார். இப்படி ஒரு பேச்சைச் சம்பந்தியிடம் பேசுவோம் என்று நிச்சயதார்த்தத்தன்று யாராவது சொல்லியிருந்தால், தாம்பூலத்தை மாற்றாமலே பஸ் ஏறியிருப்பார்.

வெயில் மறுபடி அடித்தது. நெல்லை விரிக்க வேண்டும் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. குந்தவையம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, லேகா, லேகா என்று இரண்டு தடவை கூப்பிட்டார். பதில் இல்லை. அய்யாவு கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார்.

வைக்கோல் கட்டில் சாய்ந்தபடி லேகா தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கையில் பாதி அவிழ்த்த கயிறு. கன்றுக்குட்டி அவள் சட்டை நுனியை மென்றுகொண்டிருந்தது, அதுகூடத் தெரியவில்லை. பின்னாலேயே சுவரைப் பிடித்துப் பிடித்து வந்த குந்தவையம்மா வாசலில் நின்றார். அய்யாவு அவசரமாகக் குனிந்து மகளின் தோளைத் தொடப் போனார்.

"எழுப்பாதீங்க" என்றார் அந்தம்மா.

அய்யாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. வெளியே ஓடிவந்து, தார்ப்பாய்க்குப் பக்கத்தில் நின்று எடுத்தார். சுந்தரி காலையிலிருந்து ஆறாவது தடவையாகக் கூப்பிடுகிறாள்.

"கேட்டீங்களா? குடுத்தாளா? என்ன சொன்னா?"

"தூங்குறா."

"யாரு?"

"லேகா."

"பட்டப்பகல்லயா? அந்தம்மா ஒண்ணும் சொல்லலையா?"

அய்யாவு திரும்பிப் பார்த்தார். குந்தவையம்மா ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கன்றின் வாயிலிருந்து சட்டை நுனியை மெல்ல விடுவித்துக்கொண்டிருந்தார்.

"நான் வந்து சொல்றேன்" என்றார். "இப்ப நெல்லை விரிக்கணும். ஆள் இல்ல."